மிகையும் மோடியும்: அரங்கிலும் வாழ்விலும் நாடகப்பாங்கு

1

'நாடகம்' என்னும் சொல் எமது அன்றாட வழக்கிற் பெரும்பாலும் பழிச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. பொய்யாக அழுபவனை 'நாடகமாடுகிறான்' என்கிறோம். பொது இடத்திற் குழப்பம் விளைவிப்போரைக் 'கூத்தடிக்கிறார்கள்' என்கிறோம். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவோனை 'வேடதாரி' என்கிறோம். திறனாய்வுத் துறையிலோ இச்சொல்லின் நிலைமை மேலும் சிக்கலானது. ஒரு சிறுகதையின் உச்சக்கட்டம் 'நாடகத்தன்மை வாய்ந்தது' எனப்பட்டால் அது பாராட்டு; அதே கதையின் உரையாடல் 'நாடகப்பாங்கானது' எனப்பட்டால் அது கண்டனம். ஒரே வேர்ச்சொல் ஒருபுறம் புகழாகவும் மறுபுறம் இகழாகவும் நிற்பதைக் காணுமிடத்து, எமது மதிப்பீட்டு அளவுகோலிலேயே ஒரு மயக்கம் இருக்கின்றதென்பது புலனாகும்.

இம்மயக்கம் வெறும் சொல் மயக்கமன்று. கடந்த நூறாண்டுக் காலத்தில் ஈழத்துத் தமிழ்ப் படித்த வர்க்கம் கிராமியக் கூத்தினைப் புறக்கணித்தமைக்கும், அதே வர்க்கம் மேடைப் பேச்சின் ஆரவாரத்தை ஐயமின்றி ஏற்றுக்கொண்டமைக்கும் இம்மயக்கத்துடன் தொடர்புண்டு என்பது எமது கருத்து. கூத்தரங்கின் மிகையைக் கண்டு நகைத்தவர்களே அரசியல் மேடையின் மிகையைக் கேட்டு மெய்சிலிர்த்தார்கள். இம்முரண் எவ்வாறு தோன்றிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது வாதத்தைச் சுருக்கமாகக் கூறுவதாயின், மிகை என்பது தன்னளவிற் குற்றமன்று. தான் மிகையென்பதை ஒளிக்காது, நடிப்போரும் காண்போரும் பகிர்ந்துகொண்ட மரபின் மீது நிற்கும் மிகை வேறு. தன்னை இயல்பென்று காட்டிக்கொள்ளும் மிகை வேறு. முன்னையது காண்போனைத் தெளிவுறச் செய்ய வல்லது. பின்னையது அவனை ஆட்கொள்ள முயல்வது. இவ்விரண்டையும் பிரித்தறியாத திறனாய்வு, இகழ வேண்டியதைப் புகழ்ந்தும் புகழ வேண்டியதை இகழ்ந்தும் வந்துள்ளது.

2

இவ்வேறுபாடு தமிழ்ச் சிந்தனைக்குப் புதியதன்று. தொல்காப்பியம் அகப்பொருட் செய்யுளின் நெறியைக் கூறுமிடத்து நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினைப் பிரித்து, அவ்விரண்டும் கலந்தமைந்ததே புலனெறி வழக்கம் என்று கொள்கின்றது. உரையாசிரியர் இளம்பூரணர் நாடக வழக்கினை விளக்குகையில், சுவை பயக்கும் நிகழ்ச்சிகள் யாவும் ஓரிடத்தே நிகழ்ந்தனபோலத் தொகுத்துரைப்பது என்னும் கருத்தை முன்வைக்கின்றார். இவ்விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இங்கு நாடகம் என்பது பொய் என்னும் பொருளில் வரவில்லை. தொகுத்தல், செறித்தல் என்னும் பொருளிலேயே வருகின்றது. வாழ்க்கையிற் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தே குவிப்பதால் அது பெரிதாகத் தோன்றுகின்றது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைக்கப்பட்ட பொருள் பெரிதாகத் தெரிவதைப் பொய்யென்று எவரும் கூறுவதில்லை.

மெய்ப்பாட்டியலும் இத்தகைய நோக்கினையே கொண்டுள்ளது. அழுகை, வெகுளி, பெருமிதம் முதலாய எண்வகை உணர்வுகள் உள்ளத்தில் நிகழ்ந்தவாறே உடலிற் புலப்படுவதை அது பேசுகின்றது. வடமொழியில் நாட்டிய சாத்திரம் நாட்டியதர்மி, லோகதர்மி என இருவகை அரங்க நெறிகளைக் கூறுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆக, பண்டைய கலைக்கோட்பாட்டாளர்கள் மிகையை ஒழிக்கவேண்டிய குறையாகக் கருதினாரல்லர். எங்கே எவ்வளவு மிகை, எந்த ஒப்பந்தத்தின் பேரில் என்பதே அவர்கள் எழுப்பிய வினாவாகும்.

3

இவ்வொப்பந்தத்தைத் தெளிவாகக் காட்டும் கலைவடிவம் எமது கூத்து. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை எடுத்துக்கொள்வோம். 'மோடி' என்னும் சொல்லே பாணி என்னும் பொருளைத் தாங்கி நிற்கின்றது. வட்டக்களரியைச் சுற்றிலும் மக்கள் அமர்ந்திருப்பர். களரியினுள்ளே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். கட்டியகாரன் அரசனின் வருகையை அறிவிப்பான். கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்த அரசன் தாளக்கட்டுக்கமைய ஆடிவந்து, தான் இன்னான் எனப் பாடித் தெரிவிப்பான். பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். இவற்றுள் எதுவும் உலகியலில் நிகழ்வதன்று. எந்த அரசனும் தன் அவைக்குத் துள்ளிச் சுழன்று வருவதில்லை.

ஆயினும் களரியைச் சூழ்ந்திருப்போர் ஏமாற்றப்படுவதில்லை. கர்ணனாக ஆடுபவன் யாரென்பது அவர்கட்குத் தெரியும். அவன் பகலில் வயலில் நின்றவன். அவர்களில் ஒருவனின் மைத்துனன். அவன் சட்டம் பெற்றதையும் மாதக்கணக்கிற் பழகியதையும் சதங்கை அணிந்ததையும் ஊரே கண்டிருக்கின்றது. எனவே அவர்கள் காண்பது கர்ணனையும் அல்ல, மைத்துனனை மாத்திரமும் அல்ல. கர்ணனை ஆடிக்காட்டும் மைத்துனனை. கதையும் அவர்கள் அறிந்ததே. அடுத்து என்ன நிகழும் என்னும் பரபரப்புக்கு இடமில்லாதவிடத்து, எவ்வாறு நிகழ்கின்றது என்பதிலேயே கவனம் நிலைக்கும். ஆட்டத்தின் நேர்த்தி, அவன் காட்டும் பெருமிதம், தாயென அறிந்தபின் கர்ணன் தடுமாறும் தடுமாற்றம் ஆகியவை பற்றி மறுநாட் காலை தேநீர்க்கடையில் விவாதிக்கும் ஆற்றல் அப்பார்வையாளனுக்கு உண்டு. மிகை அவனுடைய தீர்ப்பை மழுக்கவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மேனாட்டு அரங்கு இவ்வுண்மையைச் சுற்றிவளைத்தே கண்டடைந்தது. 1935 இல் மொஸ்கோவிற் சீன நடிகர் மெய் லான்பாங்கின் ஆற்றுகையைக் கண்ட ஜேர்மனிய நாடகாசிரியர் பேட்டோல்ட் பிறெக்ற், தாம் தேடிக்கொண்டிருந்த அரங்க நெறிக்குச் சீன மரபில் ஆதாரம் இருப்பதை உணர்ந்தார். அந்நடிகர் தாம் பார்க்கப்படுவதை அறிந்தவராக, பாத்திரமாகக் கரைந்துவிடாது பாத்திரத்தைச் சுட்டிக்காட்டுபவராக நின்றார் என்பது பிறெக்ற் கண்ட சிறப்பாகும். பார்வையாளனைப் பாத்திரத்திலிருந்து தூரப்படுத்தி அவனைச் சிந்திக்கச் செய்வதென்னும் அவரது கோட்பாடு இதனால் உரம் பெற்றது. எமது அண்ணாவியார் இத்தகைய கோட்பாடெதனையும் எழுதவில்லை. ஆனால் இதன் அடிப்படையான உறவு களரியில் இருந்தது. எனினும் ஒன்றைக் கூறாமல் விடலாகாது. பிறெக்ற் இவ்வுறவைச் சமூகத்தை மாற்றும் நோக்குடன் பயன்படுத்த விரும்பினார். மரபுவழிக் கூத்தோ அதனை அரசரின் பெருமையைப் பாடவே பெரும்பாலும் பயன்படுத்திற்று. வடிவத்தின் வலிமையை ஏற்கும்போது உள்ளடக்கத்தின் பழமையை மறைக்கவேண்டியதில்லை.

4

இத்தகைய கூத்தினைப் படித்தோர் இழிவாகக் கருதியமைக்குக் காரணம் யாது? ஆங்கிலக் கல்வி ஒரு காரணம். கூத்தாடியோரின் சாதி, வர்க்க நிலை மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் கலைக்கோட்பாடு சார்ந்தது. அது யதார்த்தவாதத்தின் செல்வாக்கு.

யதார்த்தவாதம் ஒரு விடுதலைச் சக்தியாகவே அரங்கினுட் புகுந்தது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1898 இல் நிறுவப்பட்ட மொஸ்கோ கலை அரங்கில் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி செய்த பணி, அக்கால நடிகரிடம் மலிந்திருந்த வெற்றுச் சைகைகளையும் பொய்க்குரலையும் களைவதாகும். ஈழத்திலும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930 களிலிருந்து யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் நாடகங்களை எழுதியமை இத்தகையதொரு புரட்சியே. செந்தமிழிலேயே அரசரும் ஏவலரும் பேசிய மேடையில், யாழ்ப்பாணத்து மனிதர் தம் சொந்த மொழியிற் பேசத் தொடங்கினர். 'நானாடகம்' தொகுப்பிலுள்ள 'உடையார் மிடுக்கு' என்னும் நாடகத்தின் தலைப்பே எமது விடயத்துக்கு மிக நெருங்கியது. மிடுக்கு என்பது உடையாரின் உடலிலும் குரலிலும் குடிகொண்ட நாடகப்பாங்கன்றி வேறென்ன? மேடையின் மிகையை நீக்கிய ஆசிரியர் வாழ்வின் மிகையை மேடையேற்றினார்.

ஆனால் யதார்த்தவாதம் ஒரு கருவி என்னும் நிலையினின்றும் ஒரு சட்டமாக மாறியபோது இடர்ப்பாடு தோன்றிற்று. முற்போக்கு வாசகர்களாகிய நாம் இவ்விடத்திற் சோவியத் அனுபவத்தை நேர்மையுடன் நோக்கவேண்டும். மொஸ்கோ கலை அரங்கின் தொடக்ககால நடிகர்களுள் ஒருவரான மெயர்ஹோல்ட், இயற்பண்பு அரங்கை விடுத்து மோடிமைப்படுத்தப்பட்ட அரங்கை நாடினார்; புரட்சியின் பக்கம் நின்று அதற்கென ஆற்றுகைகளைப் படைத்தார். 1934 இல் சோசலிச யதார்த்தவாதம் எழுத்தாளர் மாநாட்டின் அதிகாரபூர்வக் கொள்கையானது. 1938 இல் உருவவாதி என்னும் குற்றச்சாட்டுடன் அவருடைய அரங்கு மூடப்பட்டது. 1940 இல் அவர் கொல்லப்பட்டார். யதார்த்தமே முற்போக்கு, மோடிமை என்பது பிற்போக்கு என்னும் சமன்பாடு எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்கு இது சான்றாகும். எமது முற்போக்குத் திறனாய்வு அத்தகைய வன்முறையை அறியாதது. எனினும் அச்சமன்பாடு அதன் ஆழத்தில் நெடுங்காலம் இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை.

இலங்கையில் இச்சமன்பாட்டை உடைத்த நிகழ்வுகளுள் முதன்மையானது, பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திராவின் 'மனமே' 1956 இல் மேடையேறியமையாகும். தமிழ்க் கூத்துடன் உறவுடைய நாடகம என்னும் சிங்கள மரபுவடிவத்தின் மோடியை அவர் நவீன அரங்குக்குக் கொணர்ந்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தினையும், தொடர்ந்து 'இராவணேசன்' முதலியவற்றையும் மாணவரைக் கொண்டு ஆடுவித்தமை தமிழரங்கின் மறுமொழியாக அமைந்தது. விடியவிடிய ஆடப்பட்ட கூத்து மணிக்கணக்கிற் சுருங்கியது. வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு வந்தது. இதனாற் சில இழப்புகளும் நேர்ந்தன. சுற்றியிருந்த ஊர் நேரெதிரே இருளில் அமர்ந்த பார்வையாளரானது. ஆயினும் மிகையும் கலையே என்பது படித்த வர்க்கத்தின் முன்னிலையில் நிறுவப்பட்டது.

5

அவ்வாறாயின், யதார்த்தவாதிகள் வெறுத்த போலி நாடகப்பாங்கு என ஒன்று இல்லையோ எனின், உண்டு. அதனை அவர்கள் தேடிய இடமே பிழையானது. அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்குக்குட்பட்டுத் தமிழகத்தில் வளர்ந்து, தென்னிந்திய நடிகர் வழியாக ஈழத்துக்கு வந்து வேரூன்றியது இசை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடங்களும் அவற்றையொத்தனவும் யாழ்ப்பாணத்து மேடைகளிற் பல்லாண்டுகள் ஆடப்பட்டன. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' இவற்றுட் பெயர் பெற்றது. பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுமந்து சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். சுடலையிற் கூலியடிமையாக நிற்கும் அரிச்சந்திரன், தன் மனைவியென அறியாது, சுடலைக்குரிய கட்டணத்தைக் கேட்கிறான். உணர்ச்சியின் எல்லையைத் தொடும் காட்சி இது. கதை முழுமையில், துயரத்தின் காரணம் முனிவரின் சூளுரையாகவும் அதன் தீர்வு தெய்வத்தின் அருளாகவும் இருப்பது இதன் கருத்தியற் குறை. ஆனால், அடிமையாக விற்கப்பட்டவனுக்கு உறவு இல்லை, முதலாளியின் வரும்படியே உண்டு என்னும் கொடிய சமூக உண்மை இக்காட்சியில் உருப்பெருக்கப்படுகின்றது. அன்றியும் அரிச்சந்திரன் பாடுகிறான். பாடித் துயருறும் மனிதனை எவரும் இயல்பென்று மயங்குவதில்லை. ஆர்மோனியம் அருகில் இருக்கின்றது. மிகை இன்னமும் தன்னை மறைக்கவில்லை.

மாற்றம் அடுத்த கட்டத்தில் நிகழ்ந்தது. 1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவியது முதலாக, வசனமே முதன்மை பெற்ற நாடகங்கள் படித்தோரிடையே பரவின. பாட்டு மெல்லமெல்ல மேடையை விட்டு அகன்றது. ஆனால் பாட்டின் குரல் அகலவில்லை. முன்னர் இராகத்தில் ஏறியிறங்கிய குரல், இப்போது வசனத்தில் ஏறியிறங்கிற்று. செய்யுளுக்குரிய எதுகை மோனைகள் உரையாடலுக்குட் புகுந்தன. அதேவேளையிற் காட்சித் திரைகளும் தளபாடங்களும் உடைகளும் உண்மைபோற் காட்ட முயன்றன. இவ்வாறு ஒப்பந்தம் உடைந்தது. உடை இயல்பு, வீடு இயல்பு, நாற்காலி இயல்பு. குரல் மாத்திரம் களரியின் குரல். களரி இல்லாத களரிக் குரலே நாம் போலி நாடகப்பாங்கு எனக் கருதுவதாகும்.

திரைப்படம் இதனை நிறைவுசெய்தது. நாடகக் கொம்பனிகளிற் பயின்ற நடிகர் பலர் திரைக்குச் சென்றனர். 1952 இல் வெளியான 'பராசக்தி' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் நீதிமன்றக் காட்சியில் கதாநாயகன் நிகழ்த்தும் நீண்ட உரை எந்த நீதிமன்றிலும் நிகழக்கூடியதன்று. அக்காட்சிக்கு ஒரு முற்போக்கான பங்கு இருந்ததென்பதை மறுக்கலாகாது. வறுமையையும் மதத்தின் பேரால் நிகழும் வஞ்சனையையும் குற்றக்கூண்டில் நிறுத்திய தமிழ், அதுவரை கொட்டகைக்குள் அவ்வளவு உரத்து ஒலித்ததில்லை. ஆயினும் அதன் வடிவம் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திற்று. அநீதியைக் கண்டால் ஆராய்வதன்று, உரையாற்றுவதே வீரம். உரை முடிந்து கரகோஷம் எழுந்ததும் அநீதியும் முடிந்தது என்னும் மனப்பாங்கு அது. இலங்கையிலும் இத்திரைப்படமும் இதன் வழிவந்தனவும் பெருவரவேற்புப் பெற்றன. பாடசாலை நாடகப் போட்டிகளில் மாணவர் இவ்வசனங்களை ஒப்புவித்த காலம் பலருக்கு நினைவிருக்கலாம்.

6

கலையை விடுத்து அன்றாட நடத்தைக்கு வருவோம். சமூகவியலாளர் ஏர்விங் கோவ்மன் 1959 இல் வெளியிட்ட நூலொன்றில், மனிதரின் அன்றாட ஊடாட்டத்தை அரங்க உருவகத்தால் விளக்கினார். உணவுச்சாலையின் பரிசாரகன் வாடிக்கையாளர் முன் ஒருவிதமாகவும் சமையலறையிற் பிறிதொருவிதமாகவும் நடந்துகொள்வதைக் காட்டி, முன்மேடை, பின்மேடை என அவர் வகுத்தார். பயனுள்ள நோக்கே இது. ஆனால் இதில் ஒரு வினா போதிய அழுத்தம் பெறவில்லை. இந்நாடகத்தின் பாடத்தை எழுதியவர் யார்? பாத்திரங்களைப் பங்கிட்டவர் யார்?

யாழ்ப்பாணச் சமூகத்தை நோக்குமிடத்து இவ்வினாவின் கூர்மை புலப்படும். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர், உயர்சாதியாரின் முற்றத்திற் தோட்சால்வையை எடுத்து இடுப்பிற் கட்டியோ கக்கத்தில் இடுக்கியோ, உடலை வளைத்து, 'நயினார்' என விளித்து நிற்கவேண்டியிருந்தது. பெண்கள் மேலாடை அணிவதும், ஆண்கள் செருப்பணிவதும், குடை பிடிப்பதும் பல இடங்களில் தடுக்கப்பட்டிருந்தன. எவ்வுடை, எவ்வுடல்நிலை, எவ்விளி, எத்துணைத் தூரம் என அனைத்தும் வகுக்கப்பட்ட ஒரு கடுமையான மோடி இது. இதற்கெதிரே உடையாரின் மிடுக்கு. ஒருவரின் குறுகலும் மற்றவரின் விறைப்பும் ஒரே காட்சியின் இரு பாத்திரங்கள். கூத்தில் அரசனாக ஆடுபவன் விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றுவான். இந்நாடகத்திலோ கழற்றுவதற்கு அனுமதியில்லை. ஏனெனில் இது நாடகமென்றே ஒப்புக்கொள்ளப்படவில்லை. 'வழமை' என்றும் 'பணிவு' என்றும் 'பிறப்பின் இயல்பு' என்றும் பெயர் பெற்றது. மிகை தன்னை இயல்பெனக் காட்டிக்கொள்வதன் கொடிய வடிவத்தை எந்த மேடையிலுமன்றி இம்முற்றத்திலேயே காணலாம்.

இதனோடு மரண வீட்டு ஒப்பாரியை ஒப்பிடுக. படலையை அணுகும்போதே குரலெடுத்து, உள்ளே இருப்போரைக் கட்டியணைத்துப் பாடி அழும் பெண்கள், சிறிது நேரத்தின் பின் வெற்றிலை போட்டபடி ஊர்க்கதை பேசுவதைக் கண்டு, 'எல்லாம் நாடகம்' எனப் படித்தவர் ஏளனஞ் செய்வதுண்டு. அவ்வேளனம் அறியாமையின்பாற்பட்டது. ஒப்பாரி தன்னை ஒரு வடிவமாகவே முன்வைக்கின்றது. அதற்கு இராகமுண்டு, முறையுண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. துயரத்தைத் தனியொருத்தி சுமந்து மூச்சடைத்துப் போகாவண்ணம் ஊர் அதற்கு ஓர் உருவம் கொடுக்கின்றது. அவ்வுருவத்துக்குள் நின்றே ஒரு பெண் தன் புகுந்த வீட்டின் கொடுமையையும், சீதனத்தின் சுமையையும், கணவனின் கடினத்தையும் சபையறியச் சொல்லிவிடுகிறாள். ஒளிவற்ற மிகை அவளுக்கு ஓர் உரிமையைத் தருகின்றது.

எனவே 'நாடகமாடாதே' என்று ஒருவர் கூறும்போது, யார் யாரைப் பார்த்துக் கூறுகின்றனர் என வினவுதல் வேண்டும். அழும் பெண்ணைப் பார்த்து அவ்வாறு கூறுவோர் பலர். விறைத்து நிற்கும் உடையாரைப் பார்த்துக் கூறியோர் சிலரே.

7

இனி அரசியல் மேடை. 1956 இன் தனிச்சிங்களச் சட்டமும், 1972 இன் அரசியலமைப்பும், 1970 களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் தமிழ் மக்களுக்கு இழைத்த அநீதிகள் கற்பனையல்ல. அவற்றுக்கு எதிராக எழுந்த குரலும் நியாயமானதே. இங்கு நாம் ஆராய்வது அக்குரலின் நியாயத்தையன்று, அதன் மோடியை.

மேற்காட்டிய நாடக, திரைப்பட மரபின் அடுக்குமொழி எமது அரசியல் மேடைக்கும் வந்து சேர்ந்தது. குருதி, களம், வாள், உயிர்க்கொடை ஆகிய உருவகங்கள் கூட்டந்தோறும் ஒலித்தன. பேசியோருக்கு இவை மேடை வழக்கு. கூட்டம் முடிந்தபின் சட்டத்தரணிகளாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் அவர்கள் பேச்சுவார்த்தை மேசைக்குச் செல்வார்கள். அது அவர்தம் பின்மேடை. கேட்டோருக்கோ அத்தகைய பின்மேடை இருக்கவில்லை. 1970 களில் இளைஞர் தம் கைவிரலைக் கீறி, அக்குருதியாலேயே தலைவர்களின் நெற்றியிலே திலகமிட்டமை இவ்விடைவெளியை வேறெதனினும் தெளிவாகக் காட்டுகின்றது. ஒரு தரப்பு உருவகமாகச் சொன்னதை மறுதரப்பு உடலால் மெய்ப்பித்தது. களரியில் இருந்த ஒப்பந்தம் இங்கு இருக்கவில்லை. இது ஆட்டமென்று மேடையிலிருந்தோர் அறிந்திருந்தனர். கீழே நின்றோர் அறிந்திலர்.

1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 தேர்தலில் அதற்கான ஆணை கோரப்பட்டுப் பெறப்பட்டது. 1981 இல் அதே தலைமை மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்றுத் தேர்தலில் நின்றபோது, சமரசம் என்பது அரசியலின் இயல்பான கூறென்று விளக்குவதற்கு அதனிடம் மொழி இருக்கவில்லை. அதுவரை அது வளர்த்த மொழியிற் சமரசத்துக்கு இருந்த சொல் துரோகம் ஒன்றே. அச்சொல் பின்னர் பேசியோரை நோக்கியே திரும்பிற்று. அதன்பின் எத்தனையோ பேரின் உயிரைக் குடித்தது. போருக்கு மேடைப் பேச்சே காரணம் என்று நாம் கூறவில்லை. அரசின் ஒடுக்குமுறையும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுமே அதன் அடிப்படைக் காரணிகள். ஆனால் அவ்வொடுக்குமுறையை எதிர்கொள்ளவேண்டியிருந்த ஒரு மக்களிடம், நிலைமைகளை நிதானித்து அளக்கும் மொழியை மேடையின் மிகை வளரவிடவில்லை என்பதை 2009 க்குப் பின்னரேனும் நாம் கூறத் துணிதல் வேண்டும். சாதி, வர்க்கம், பெண்ணிலை ஆகியன பற்றிய வினாக்கள் அப்பேரொலியில் அமிழ்ந்துபோனமையும் இதன் மறுபக்கமாகும்.

8

மிகைக்கு மாற்று மௌனமன்று; தன்னை மறைக்காத மிகையே. இதற்கு எமது அரங்க வரலாற்றிலேயே சான்றுகள் உள. 1968 இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தையொட்டி என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினர். சாதி ஆசாரம் தன்னை இயல்பெனக் கூறிக்கொண்டிருந்தபோது, கூத்தின் துலக்கமான ஆட்டமும் மெட்டும் அதனை ஒரு கோலமாக, ஆட்டுவிக்கப்படும் ஒரு காட்சியாக மக்கள் முன் நிறுத்தின. 1969 இல் சி. மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடிக் கூத்தின் வடிவத்திற் சாதி, வர்க்கம் முதலியவற்றை அரக்கராக உருவகித்து, அரசருக்கும் வீரருக்கும் உரியதாயிருந்த ஆட்டத்தை உழைக்கும் மக்களின் தலைவனுக்கு வழங்கிற்று. நாம் முன்னர் குறித்த உள்ளடக்கப் பழமைக்கு இது நேரடியான விடை. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் எழுத்துருவில், க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஆடப்பட்ட 'மண் சுமந்த மேனியர்', போர்ச்சூழலின் துயரத்தை மோடிமைப்பட்ட அசைவுகளாலும் கூட்டுக்குரலாலும் பேசி, ஊர்தோறும் மக்களைத் தம் நிலை பற்றி உரையாடத் தூண்டிற்று. இம்மூன்றும் மிகையானவை. இம்மூன்றும் மிகையென்பதை மறைக்காதவை. மேடைப் பேச்சு ஒடுக்கியவற்றை இவை பேச முடிந்தமைக்கு அவ்வெளிப்படைத்தன்மையே காரணமென நாம் கருதுகின்றோம்.

எனவே திறனாய்வாளர் ஒரு படைப்பையோ நடத்தையையோ 'நாடகப்பாங்கானது' எனத் தள்ளுமுன்னரும் கொள்ளுமுன்னரும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இம்மிகை தன்னை மிகையென அறிவிக்கின்றதா? காண்போரும் அதனை ஆக்குவோரும் ஒரே மரபறிவைப் பகிர்ந்துகொள்கின்றனரா? அது பெருக்கிக் காட்டுவது மனிதரிடையேயுள்ள உறவையா, அன்றி ஒருவரின் உணர்ச்சியை மாத்திரமா? இவ்வினாக்களை எழுப்பும்போது, தொலைக்காட்சித் தொடர்களின் கண்ணீரும், கைபேசியின் முன் நின்று நிவாரணப் பொதி வழங்குவோரின் கருணை முகமும், இன்றும் எமது பொதுமேடைகளில் ஓயாத வீரவசனமும் தத்தம் இடத்திற் சரியாக அடையாளங் காணப்படும்.

அதைவிட முக்கியமானது, கூத்துக்கு உரிய இடம் அதற்குக் கிடைக்கும் என்பது. பாரம்பரியம் என்னும் பெயரில் விழாக்களின் தொடக்கத்திற் பத்து நிமிடம் ஆடவிடப்படும் அலங்காரமாக அது ஒடுங்கிப்போகும் நிலை இன்றுண்டு. மெய்யையும் ஆட்டத்தையும் பிரித்தறிந்து, ஆட்டத்தை ஆட்டமாகவே சுவைத்து, மறுநாள் அதுபற்றித் தீர்ப்புக் கூறவல்ல ஒரு பார்வையாளர் கூட்டத்தை எமது கிராமங்கள் ஒருகாலத்தில் உருவாக்கியிருந்தன. அத்தகைய பார்வையாளரே அரசியல் மேடையின் முன்னும் அமர்ந்திருக்கவேண்டியவர்கள். பல்கலைக்கழகங்களின் நாடகத்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் கூத்தினைப் பேணுவதோடமையாது, அப்பார்வைப் பயிற்சியையும் பாடசாலைகளுக்கும் ஊர்களுக்கும் கொண்டுசெல்வது இன்றைய தேவையாகும்.